'ஃபெயில்' என்று எழுதாத கம்ப்யூட்டர்

நாமகிரிப்பேட்டை ராசப்பன் வீட்டில், புறப்படும்போது யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட முடியாது. 'போயிட்டு வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். அரிசி தீர்ந்தாலும் 'நிறைஞ்சிருச்சு' என்பார்கள். அந்த வளர்ப்போடு அவன் 1986இல் எங்கள் சேலம் நூல் மில்லின் கம்ப்யூட்டர் அறையில் வேலைக்குச் சேர்ந்து எங்கள் உயிரை வாங்கினான்.

எழுதிய புரோகிராம்களைக் கம்பைல் செய்வது, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றுவது, அவன் வேலை. ஒவ்வொன்றும் தேறியதா கெட்டதா என்று கம்ப்யூட்டர் பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதும். என்ன வரி என்பதை முடிவு செய்தவனும் அவன்தான். சம்பளப் புரோகிராம் வாரக்கணக்கில் ஓடாததால், மேனேஜர் ஜான் பாஷா அந்தக் கோப்பில் 'ஃபெயில்' என்று தேடினார். ஒன்றும் வரவில்லை. 'எரர்' என்று தேடினார். பிறகு இரண்டில் எது இருந்தாலும் காட்டு என்று சேர்த்துத் தேடினார். கோப்பு சுத்தமாக இருந்தது.

"ஏப்பா ராசப்பா, ஒண்ணுகூடவா கெடல?"

"கெட்டுச்சுங்க. வேலை செய்யற எடத்துல அந்த மாதிரி வார்த்தை ஆகாதுங்களே. அதான் வேற மாதிரி எழுத வெச்சிருக்கறனுங்க."

"என்னன்னு?"

"போயிட்டு வாரேன்னுங்க."

ஜான் பாஷா பல்லைக் கடித்துக்கொண்டு அதையே ஆங்கில எழுத்தில் தட்டினார். பிரிண்டர் அலற ஆரம்பித்தது. டீ குடித்துவிட்டு வந்தோம், அலறிக்கொண்டே இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து வந்தபோதுதான் நின்றிருந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் ஜான் பாஷா, கொஞ்சம் நிம்மதியாக.

ராசப்பன் பிரிண்டருக்குக் கீழே இருந்த காலிப் பெட்டியைக் குனிந்து பார்த்தான்.

"இன்னும் இருக்குதுங்க. பேப்பர்தான் நிறைஞ்சிருச்சுங்க."