காரணம் எழுதும் கடைக்காரர்

எங்கள் ஊரான வெரிபீயில் நான் மளிகை வாங்கும் கடைக்காரர், ஒவ்வொரு அட்டையிலும் விலைக்குக் கீழே காரணத்தையும் எழுதிவைப்பார். 'முருங்கைக்காய்: குயின்ஸ்லாந்தில வெள்ளம்.' 'தேங்காய்ப்பால்: கப்பல் பிந்திப்போச்சு.' அதற்காகவே காதில் எப்போதும் ஒரு நீலப் பேனா இருக்கும்.

புகை வெளியேற்றத்துக்கு அரசாங்கம் 'கார்பன் விலை' என்று கட்டணம் வைத்தால் சாப்பாட்டுச் சாமான் எல்லாம் இருமடங்காகும் என்று வாட்ஸ்அப்பில் படித்த அன்று, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே நான்கு மூட்டை அரிசியைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டேன்.

"என்ன தங்கச்சி, வீட்டில கலியாணமோ?" என்றார்.

"இல்லண்ணா, கார்பன் விலை வந்தா அரிசி ஏறிடுமே?"

"லொறிக்கும் கரண்டுக்கும் செலவு கூடும். அதால கொஞ்சம் ஏறும், ரெட்டிப்பாகாது. ஆனா எல்லாரும் இப்பிடி அள்ளினா நாளைக்கே ஏறும். பிறகு நான் அட்டையில என்ன எழுதுறது?"

"என் பேரை எழுதிடாதீங்க!" என்று மூன்று மூட்டைகளை இறக்கினேன். அவர் சிரித்த சிரிப்பில் குழந்தையும் சிரித்தது.

வீடு சேரும்வரை, இன்னொரு மூட்டையாவது எடுத்திருக்கலாமோ என்று யோசித்தேன்.

அடுத்த வாரம் வெண்டைக்காய் விலை பாதியாகியிருந்தது. அட்டையில், 'ஏனெண்டு எனக்கும் தெரியேல்ல. வாங்குங்கோ' என்றிருந்தது. இரண்டு கிலோ அள்ளினேன். தெரியாததைத் தெரியாதென்றே எழுதுகிறவரை அரிசி விஷயத்தில் நம்பியது சரிதான் என்று அப்போதுதான் மனம் ஒப்பியது.