காலி வாளி

கடிகாரம் காலை ஒன்பதரை காட்டினால் போதும், தையல்காரி மிஷினிலிருந்து காலை எடுத்துவிடுவாள். கால்சட்டை வாங்க ஆள் நின்றாலும் சரி, பாதி தைத்த கை தொங்கினாலும் சரி. நீல வாளியைத் தூக்கிக்கொண்டு கடையின் பின்வாசல் வழியாக ஆற்றுக்கு ஓட்டம். பதினோரு வருஷமாக இதே கூத்து. தெருவில் அவளுக்கு வாளியக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது.

விஷயம் இதுதான். ஊர் விழித்து மின்சாரம் கேட்கும் நேரத்தில் அணையில் டர்பைன் ஓடும், ஆறு புரண்டு வரும். தேவை குறைந்ததும் டர்பைனை நிறுத்துவார்கள். பத்தே நிமிஷத்தில் தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கிவிடும். கரையோரம் மேய வந்த மீன்குஞ்சுகளுக்கு அது எப்படித் தெரியும்? பாறைக்குழிகளில் மாட்டிக்கொண்டு துடிக்கும். இவள் அள்ளி ஆற்றில் விடுவாள். அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் எண்ணிக் குறித்துவைப்பாள். மீன்களுக்கு அவள் வைத்த பெயரெல்லாம் துணிக்கடைப் பெயர்கள்: கோடு போட்டது, புள்ளி போட்டது, சரிகைவால். பாவம், சரிகைவாலுக்குத்தான் பொறுமை கிடையாது. இவள் வந்து சேருமுன்பே செத்துக் கிடக்கும். ஒன்றைக்கூட அவள் உயிரோடு பார்த்ததில்லை.

டர்பைனை நிறுத்துகிறவன் வேறு யாருமில்லை, கூடப்பிறந்த தம்பி. தினமும் போன் செய்து "எத்தனைக்கா?" என்பான். எண்ணிக்கையோடு நாலு வசவும் வாங்கிக்கொள்வான்.

ஒரு நாள் ஆறு இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. பதினொன்றரை வரை வாளியும் கையுமாகக் காத்திருந்து குழிகளைப் பார்த்தாள். முந்தின நாள் இருநூற்றுப் பன்னிரண்டு. இன்றைக்கு ஒன்பது. உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், இன்னைக்கு என்னடா பண்ணின?"

"நான் ஒண்ணும் பண்ணலக்கா. டர்பைன் வால்வு மக்கர் பண்ணுச்சு. கொஞ்சங்கொஞ்சமா மூட ரெண்டு மணி நேரம் ஆயிடுச்சு. இன்ஜினியர் பிடிபிடின்னு பிடிச்சிட்டார்."

கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் நோட்டோடு இன்ஜினியர் அறையில் போய் நின்றாள். "அந்த வால்வை ரிப்பேர் பண்ணாதீங்க சார்."

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் நோட்டைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். "வால்வு ரிப்பேர் ஆகத்தாம்மா வேணும். ஆனா ஒரு வாரம் மெதுவா மூடச் சொல்றேன். பலன் தெரியலைன்னா பழையபடிதான். எனக்கு மேல கேள்வி கேப்பாங்க."

அந்த வாரம் முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினான்கு, ஆறு, மூன்று. ஒரு சீருடைக்கு இரண்டு வலது கை தைத்துவைத்துவிட்டு, அதற்கும் தானே சிரித்தாள். ஏழாம் நாள் பத்தரை மணிக்கு, தண்ணீர் பாதி இறங்கியிருந்தபோது இன்ஜினியரே வந்தார். வெளியே தெரிந்த குழிகள் எல்லாவற்றிலும் துழாவியாகிவிட்டது, ஒரு குஞ்சு இல்லை. பெருமை பொங்க வாளியைக் கவிழ்த்துக் காட்டினாள்.

அவர் தாடையைத் தடவினார். "ஆத்துல மீனே இல்லாம போயிருந்தாலும் வாளி காலியாத்தானம்மா இருக்கும்?"

மனுஷன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பதினோரு வருஷமும் அவள் பார்த்ததெல்லாம் மாட்டிக்கொண்ட மீனைத்தான். மாட்டாத மீனை எங்கே போய்ப் பார்ப்பது?

ஒரு நொடிதான் யோசித்தாள். "ஷூவைக் கழட்டுங்க சார்."

இருவரும் கணுக்கால் தண்ணீரில் அசையாமல் நின்றார்கள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு இன்ஜினியர் நெளிந்தார். கால் விரலை ஏதோ கொத்தியது. ஒன்று, பத்து, குனிந்து பார்த்தால் கரை நெடுக நூற்றுக்கணக்கில். தண்ணீர் ஒரு சாண் விலகியது. குஞ்சுகளும் அவசரமில்லாமல் ஒரு சாண் விலகின. இவர்களும் பின்னாலேயே போனார்கள். அவர் கால்சட்டை முழங்கால்வரை நனைந்ததை அவர் கவனிக்கவேயில்லை.

"அந்தா, கோடு போட்டது. இது புள்ளி," என்றவள் சட்டென்று அவர் கையைப் பிடித்துவிட்டாள். "சார், சரிகைவால். நீந்துது சார்." கண்ணை எடுக்காமல் அதன் பின்னாலேயே குனிந்து போனாள்.

போன் அடித்தது. அவள் அதை அப்படியே இன்ஜினியரிடம் நீட்டினாள்.

"எத்தனைக்கா?"

"எண்ண முடியலப்பா," என்றார் இன்ஜினியர். "இனிமே தினமும் இப்படியே மூடு."

அன்றைக்குத் தம்பிக்கு வசவு விழவில்லை.