சிப்பிமேல் சிப்பி

சபையில் அவளுக்குக் கல்லக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

நிலவியல் அலுவலகத்தில் கல் அறுக்கிற பிரிவில் அவளுக்கு வேலை. அதிகாரிகள் மலையிலிருந்தும் சுரங்கத்திலிருந்தும் மூட்டையாகக் கொண்டுவந்து போடுகிற கற்களை வைர ரம்பத்தில் கொடுத்து வில்லைகளாக அறுப்பாள். ஒரு வில்லையைக் கண்ணாடித் துண்டில் பசை போட்டு ஒட்டி, தண்ணீரும் தேய்ப்புப் பொடியும் விட்டு, தலைமுடியைவிட மெல்லிசாகும்வரை தேய்ப்பாள். அச்சடித்த தாளின் மேல் வைத்தால் கல்லுக்கு அடியில் எழுத்துத் தெரியும். கொஞ்சம் அசந்தால் கல்லே காணாமல் போய்விடும். "படிச்சவங்க புத்தகத்தைத்தான் கரைச்சுக் குடிப்பாங்க. என் வீட்டுக்காரி கல்லையே கரைச்சுக் குடிக்கிறவ" என்று பஸ் ஓட்டுகிற அவள் கணவர் போகிற இடமெல்லாம் சொல்லிவைப்பார்.

தேய்த்து முடித்த வில்லையை நுண்ணோக்கியில் வைத்து, கனம் சரியாக வந்திருக்கிறதா என்று நிறத்தைக் கொண்டு தெரிந்துகொள்வாள். வெளியே அழுக்குக் கறுப்பாக இருந்த கல்லுக்குள் நீலமும் ஊதாவும் ஆரஞ்சும் கொட்டிக் கிடக்கும். அவள் வாய் தானாக "ஸ்தோத்திரம்" என்று சொல்லும். பக்கத்து மேஜைக்காரர்களுக்கு அது ரம்பத்தின் சத்தம் மாதிரி பழகிப்போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், தம்பி பிரசங்க மேடையில் நின்று பூமிக்கு ஆறாயிரம் வயது என்று சொல்லும்போது, அதே வாயால் "ஆமென்" என்றும் சொல்லுவாள். தம்பிதான் அந்தச் சபைக்குப் பாஸ்டர். அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. நல்ல குரல்; அதைவிட நல்ல மனசு. அலுவலகத்தில் அவள் கண்ணாடியில் ஒட்டுகிற சீட்டில் கோடிக்கணக்கில் வருஷம் போட்டிருக்கும். இரண்டும் அவளுக்குத் தெரியும். இரண்டையும் ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்துவைக்கவில்லை, அவ்வளவுதான். மாலையில் வேலை அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது அந்த வருஷக் கணக்கையும் சேர்த்து மாட்டிவிட்டு வந்துவிடுவாள். இப்படியே ஓய்வு பெறும்வரை ஓட்டியிருப்பாள். சபைக்குப் பின்னால் மழைத் தண்ணீர்த் தொட்டி கட்டக் குழி தோண்டாமல் இருந்திருந்தால்.

ஆள் உயரத்துக்குக் கீழே போனதும் களிமண்ணுக்குள்ளிருந்து சிப்பியாக வந்தது. பெரிய பெரிய சிப்பிகள். கொத்துக் கொத்தாக ஒன்றோடொன்று ஒட்டியவை. கடல் அங்கிருந்து ஒரு நாள் பயணம். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை.

"அக்கா, பாத்தியா! இவ்வளவு தூரத்துல சிப்பி எப்படி வந்துச்சு? ஜலப்பிரளயம்! நம்ம சபைக்குக் கீழேயே கர்த்தர் ஆதாரத்தை வச்சிருக்கார்!"

அவள் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் அவன் அடுத்த ஆளைத் தேடி ஓடிவிட்டான். அந்த ஞாயிறு ஆராதனை முடிவில் அறிவிப்பும் வந்துவிட்டது: "அடுத்த வாரம், கல் ஆபீஸ்ல வேலை பாக்குற நம்ம சகோதரி இந்தச் சிப்பியைப் பத்திச் சாட்சி சொல்லுவாங்க." எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆபீஸ் சீட்டில் போட்டிருக்கிற வருஷக் கணக்கை அன்று வீட்டுக்குப் போனதும் கணவரிடம் சொன்னாள்.

"எதுக்கு வம்பு? ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லிட்டு உக்காந்துரு. யாரு வந்து கேக்கப் போறாங்க?" என்றார் கணவர்.

"நான் கேப்பேனே" என்றாள்.

மறுநாள் ஒரு சிப்பிக் கொத்தைத் துணியில் சுற்றி அலுவலகத்துக்கு எடுத்துப் போனாள். பழைய உயிர்களின் எச்சங்களை ஆராய்கிற அதிகாரியம்மாவுக்கு சாமி பூதம் எதிலும் நம்பிக்கை கிடையாது. ஆனால் சிப்பியைக் கண்டால் முகம் மலர்ந்துவிடும். கொத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"எங்க கிடைச்சுது?"

"எங்க சபைக்குப் பின்னாடி, மேடம். பிரளயத்துல அடிச்சிட்டு வந்ததுன்னு பேசிக்கிறாங்க."

அதிகாரியம்மா சிரிக்கவில்லை. "அடிச்சிட்டு வந்திருந்தா உடைஞ்சு, கலந்து, கன்னாபின்னான்னு கிடக்கும். இது ஒட்டினது ஒட்டினபடியே இருக்கு பாருங்க. அடியில இருக்கிறது வளர்ந்து, கிழடாகி, செத்திருக்கு. அந்த ஓட்டுமேல இன்னொண்ணு குஞ்சா வந்து ஒட்டி, அதுவும் வளர்ந்து செத்திருக்கு. அதுமேல இன்னொண்ணு. இப்படி எத்தனை தலைமுறையோ! அங்க ரொம்ப காலம் அமைதியா ஒரு கடல் இருந்திருக்கு."

"எவ்வளவு காலத்துக்கு முன்னாடி மேடம்?"

"உங்க பக்கத்து மண்ணடுக்கு நமக்குத் தெரிஞ்சதுதான். நடுவுல எரிமலைச் சாம்பல் படிஞ்சிருக்கு. அதுல இருக்கிற பொடிக் கல்லை வச்சு வயசு பாத்திருக்காங்க. ஒன்றரைக் கோடி வருஷம்." பிறகு கொத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "சபையில என்ன சொல்றதுன்றது உங்க இஷ்டம். அதுல நான் மூக்கை நுழைக்க மாட்டேன்."

கல்லக்கா அன்று மற்ற வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு அந்தக் கொத்தைக் குறுக்காக அறுத்தாள். தேய்த்துப் பார்த்தபோது ஒவ்வொரு ஓட்டுக்குள்ளும் மெல்லிய கோடுகள். ஒவ்வொரு பருவமாக அது வளர்ந்த தடங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று சிப்பிகளின் மொத்த வாழ்க்கையும் ஒரு கண்ணாடித் துண்டில் அடங்கிக் கிடந்தது. வாய் வழக்கம்போல "ஸ்தோத்திரம்" என்றது. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஒன்றரைக் கோடி என்று காதால் கேட்ட பிறகும் அந்த வார்த்தை தடுக்கி விழவில்லையே! ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கிவிட்டது.

நேரே தம்பியிடம் போனாள். அவன் சபைக் கூடத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். இருந்ததை இருந்தபடி சொன்னாள். அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"அப்ப நான் இத்தனை வருஷமாப் பொய்யா சொன்னேன்?"

"தெரிஞ்சு சொன்னாத்தான்டா பொய். நீ தெரியாமச் சொன்னே. தெரிஞ்சும் ஆமென் போட்டவ நான்தான்."

"இன்னிக்கு இதை விட்டுக்கொடுத்தா நாளைக்கு வேதத்துல இன்னும் எதை விட்டுக்கொடுக்கச் சொல்லுவே?"

அதுதான் அவன் பயம் என்று அவளுக்குப் புரிந்தது. நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் எதையும் விடச் சொல்லலைடா. வேதம் அவர் கொடுத்ததுன்னா, இந்தக் கல்லு மட்டும் யாரு செஞ்சது? அவர் கையால செஞ்சதைத்தானே நான் தினமும் அறுக்கிறேன். அது எதுக்கு என்கிட்டப் பொய் சொல்லணும்?"

அவன் அடுத்த நாற்காலியைத் தூக்கி அடுக்கினான். நாற்காலி அடுக்கு அவன் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் மதியம் அலுவலக வாசலில் வந்து நின்றான். பாஸ்டர் சட்டை இல்லாமல், சாதாரணச் சட்டையில். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு போய் நுண்ணோக்கியின் முன்னால் உட்காரவைத்தாள். முதலில் கறுப்புக் கல். "அடேயப்பா!" என்றான். அப்புறம் சிப்பி. குனிந்த தலையை அவன் வெகுநேரம் நிமிர்த்தவே இல்லை. நிமிர்ந்தபோது அதிகாரியம்மா அருகில் நின்றிருந்தாள்.

"மொத்த பூமிக்கும் எவ்வளவு வயசு சொல்றீங்க, மேடம்?"

"ஏறக்குறைய நானூத்தி ஐம்பது கோடி வருஷம்."

"அவ்வளவா?" என்றான். பிறகு அக்காவிடம் மெதுவாகச் சொன்னான்: "வேதக் கல்லூரியில கூடப் படிச்சவன் ஒருத்தன் கேட்டான். ஆறு நாள் சிருஷ்டியில சூரியனே நாலாம் நாள்தான் வருது, அப்ப முதல் மூணு நாளை எந்தக் கடிகாரத்துல பாத்தாங்கன்னு. கிண்டல் பண்றான்னு நினைச்சு நான் அவன்கூட அப்புறம் பேசவே இல்லை."

"இப்ப பேசேன்."

"பேசணும்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. கல்லக்காவுக்கு மேடைப் பேச்சு வராது. கொத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதிகாரியம்மா சொன்னதையும் தான் பார்த்ததையும் சொன்னாள்.  ஒன்றரைக் கோடி என்பதையும் முழுங்காமல் சொல்லிவிட்டாள். முன்வரிசையிலிருந்து கார்டு ஐயா எழுந்தார். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சும்மா விடமாட்டார்.

"அப்ப பிரளயத்துக்குப் பேழை கட்டின நோவா என்னம்மா ஆனார்?"

கல்லக்கா கொத்தைக் கீழே இறக்கினாள்.

"ஐயா, இந்தச் சிப்பி அந்த வெள்ளத்துல வரலை, அது நிச்சயம். சிப்பியைப் பத்திச் சொல்றது என் வேலை. நோவாவைப் பத்திச் சொல்றது தம்பி வேலை. அவனுக்குத்தானே காணிக்கை போடுறீங்க?"

கார்டு ஐயாவே முதலில் சிரித்தார். தம்பி எழுந்து வந்து அக்காவின் அருகில் நின்றான். முதல் மூன்று நாளின் கடிகாரத்தைப் பற்றி, தன்னிடம் கேட்கப்பட்ட கேள்வியையே சபையிடம் கேட்டான். "எத்தனை நாள்ல செஞ்சார்னு நான் நிறைய பேசியிருக்கேன். யாரு செஞ்சார், எதுக்குச் செஞ்சார்னுதான் அதிகம் பேசியிருக்கணும். பூமிக்கு வயசு கூடினா அவருக்கு மரியாதை குறையாது" என்றான்.

எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டது. அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குத் தம்பி இரண்டு தடவை நடந்தும் பலனில்லை. அது அவனுக்கு வருத்தம்தான். மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டுத் தங்கிவிட்டார்கள். கார்டு ஐயா ஒரு சிப்பியைக் கழுவி வீட்டு டிவிக்கு மேலே வைத்திருக்கிறார். வருகிறவர்களிடம் அதன் வயதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு கோடி கூட்டிவிடுகிறார் என்று கேள்வி.

தம்பி இப்போதெல்லாம் வாரத்தில் ஒரு மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அலுவலகத்துக்கு வந்துவிடுகிறான். அவனும் அதிகாரியம்மாவும் சாப்பிட்டுக்கொண்டே மல்லுக்கட்டுவார்கள். கடவுளே இல்லை என்பாள் அவள். இந்த நிறத்தையெல்லாம் அப்புறம் யார் ரசிக்க வைத்தது என்பான் இவன். குரங்கு, மனுஷன் என்று பேச்சு திரும்பினால் மட்டும், "மேடம், கல்லு வரைக்கும் வந்துட்டேன். அதுக்கு இன்னும் வரலை, அவசரப்படுத்தாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிடுவான். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து கல்லக்கா, தம்பியின் பாத்திரத்தில் மிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு, நிதானமாகச் சாப்பிடுவாள்.