விசிறியோடு ஓயாத பிணக்கு

கணினியின் பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார் ரேடியோ. உள்ளே விசிறி உய்யென்று கிளம்பி, அறையையே தூக்கிக்கொண்டு போவதுபோல் இரைந்து, பிறகு தானே தணியும். தணிந்ததும் ஒரு மிடறு வெந்நீர். அதன்பின்தான் மைக்கைத் தொடுவார்.

பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப்புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்து அனுப்புவது அவர் வேலை. ரேடியோ என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். வரியின் நடுவே செருமல் வந்துவிட்டால் அந்தப் பக்கத்தையே திரும்பப் படிப்பார்.

அவருடைய ஒரே எதிரி அந்த விசிறி. வெறுமனே பதிவு செய்யும்போது முணுமுணுக்கும். பதிவைச் சுத்தம் செய்யும்போது மூச்சிரைக்கும். வேலை முடிந்தால் அடங்கும். "நேத்து நல்லாத்தானே இருந்தே, இன்னைக்கு என்ன வந்துச்சு உனக்கு?" என்று அதட்டுவார்.

கணினி பழுதுபார்க்கும் மைத்துனர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். "மாமா, வேலை கூடினா சூடு ஏறும். சூடு ஏறினா ஃபேன் வேகமா சுத்தும். ஆறினா அடங்கிடும். சுத்தாம நின்னுச்சுன்னா என்னைக் கூப்பிடுங்க."

"நீ சொல்லிட்டுப் போயிடுவ. இதைக் கேட்டுப் படிக்கிற பொண்ணு காதுல இந்த இரைச்சல்தானே விழுது."

அந்தப் பெண்ணுக்கு மறுநாள் தேர்வு. கடைசிப் பாடம் இன்னும் போய்ச் சேரவில்லை. அன்று வெயிலும் அதிகம், விசிறி தணிவதாக இல்லை. பொறுமையிழந்த ரேடியோ இரண்டு தலையணைகளால் கணினிப் பெட்டிக்கு முன்னும் பின்னும் அணைகட்டினார். சத்தம் அமுங்கியது. குரல் கணீரென்று ஓடியது. பாடம் பாதியைத் தாண்டியபோது திரை பொட்டென்று அணைந்தது. படித்ததெல்லாம் போயிற்று.

மனைவி பெட்டியைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள். "ஏங்க, ஓடிட்டிருக்கறவன் மூக்கைப் பொத்தினா விழாம என்ன செய்வான்?"

"கிண்டலை அப்புறம் வச்சுக்க. அந்தப் பொண்ணுக்கு இப்ப என்ன பதில் சொல்றது?"

"பதில் எதுக்கு? பாடத்தைச் சொல்லுங்க. அது இரைஞ்சா இரைஞ்சுட்டுப் போகட்டும்."

ரேடியோ தலையணைகளை எடுத்தார். பெட்டி ஆறும்வரை காத்திருந்தார். மறுபடி பொத்தானை அழுத்தியதும் விசிறி இரைந்தது; அவர் அதை அதட்டவில்லை. அந்த வெயிலில், பரணிலிருந்து கனத்த கம்பளியை இறக்கி, மைக், புத்தகம், கைவிளக்கு எல்லாவற்றோடும் தலை மூடப் போர்த்திக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.