டமார் அண்ணன் வால்வை மெதுவாக மூடிய காலை

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் பம்பு பார்க்கும் அவனுக்கு 'டமார்' என்றுதான் பெயர். ஊர் மேட்டுத் தொட்டியிலிருந்து நீளக் குழாய் வழியாகக் காலையில் தண்ணீர் வரும். நிலத்தடித் தொட்டி நிறைந்ததும் வால்வின் கைப்பிடியை ஒரே இழுப்பில் மூடுவான். குழாய் டமாரென்று அதிரும். தண்ணீர் நின்றது என்று நான்காம் மாடிவரை தெரிந்துவிடும். பழைய சக்கர வால்வைக் கழற்றிவிட்டு இந்தக் கைப்பிடி வால்வைப் போட்டதிலிருந்து வந்த பெயர் அது.

பத்தாவதோடு நின்றவன். ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. ஸ்பானர்களை அளவுவாரியாகத் தொங்கவிடுவான். பிரஷர் மீட்டரின் கண்ணாடியைத் தினமும் துடைப்பான். அப்பா போன பிறகு, பம்பு அறையையும் அதை ஒட்டிய சின்ன அறையையும் நம்பித்தான் அவனும் தங்கையும். தங்கை சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். அவள் புத்தகங்களுக்கு மடிப்பு பிசகாமல் அட்டை போடுவது அவன் வேலை.

"தண்ணி எப்படி ஓடணும்னு சொல்ற புக்குய்யா. தண்ணிக்கே பாடம் எடுக்கப் போறா!" என்று வாட்ச்மேனிடம் பீற்றிக்கொள்வான்.

வால்வுக்கு வரும் குழாய் அந்தச் சின்ன அறை வழியாகத்தான் போனது. அதன் கீழே தங்கையின் கட்டில். குளிர்ச்சியாக இருக்குமே என்று அவனே பார்த்துப் போட்ட இடம்.

பரீட்சைக்கு முந்தின வாரம், வால்வை மூடும் நேரத்தில் அவள் ஓடிவந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணா, இழுத்துடாத!"

"இன்னும் கொஞ்சம் ரொம்பணும். ஏன், என்னாச்சு?"

"அந்த டமார் வால்வு சத்தமில்ல. ஓடிவர்ற தண்ணிய சட்டுன்னு நிறுத்தினா, அந்த வேகம் அப்படியே திரும்பிக் குழாய அடிக்குது. வாட்டர் ஹாமர்னு பேரு. நம்ம குழாய்க்குக் கணக்குப் போட்டுப் பாத்தேன். அது தாங்கறதுக்கு மேல அடிக்கிற நீ."

"தண்ணி என்ன, சம்மட்டியா?" என்று சிரித்தான்.

"என் கட்டிலுக்கு மேல ஜாயிண்டப் போய்ப் பாரு."

பார்த்தான். துரு உப்பிய இணைப்பில் மயிரிழை போல ஒரு கீறல். அதில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. குழாய் வேர்க்கிறது என்று அவன் தினமும் துணியால் ஒற்றியெடுத்த ஈரம் அது. தூங்குகிற பிள்ளையின் தலைக்கு நேரே காலைதோறும் சம்மட்டி ஓங்கியது அவன் கைதான்.

அவன் வால்வுக்குத் திரும்பி ஓடிவந்தபோது தொட்டியில் நீர் விளிம்பைத் தொடப்போனது. மூடாவிட்டால் தரையோடு இருக்கும் மின்பெட்டிக்குள் புகுந்துவிடும்.

"நீ வெளிய போ, பாப்பா."

"நான் போனா நீ பழக்க தோஷத்துல இழுத்துடுவ." அவள் போய்க் கட்டிலில், இணைப்புக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். "நான் இங்க இருந்தாத்தான் உன் கை மெதுவா வரும்."

"எந்திரிடி! சொன்னாக் கேளு!"

"தண்ணி ஏறுதுண்ணா."

அந்தக் கைப்பிடி பாதிவரை முரண்டு பிடிக்கும், பிறகு வழுக்கி விழும். அவனுக்கு அது தெரியும். இடது கையால் எதிர்ப்பக்கம் முட்டுக்கொடுத்து, வலது கையால் நகத்தளவு நகர்த்தினான். உள்ளே தண்ணீர் சீறியது. மீட்டர் முள் நடுங்கியது. கைப்பிடி சட்டென்று நழுவ, உயிரைக் கையில் பிடிப்பதுபோலப் பிடித்தான். குழாய் ஒருமுறை முனகியது. திறந்த கதவு வழியே பார்த்தான். தங்கை கண்ணை இறுக மூடியிருந்தாள், எழவில்லை.

மெல்ல மெல்லச் சீறல் தேய்ந்து நின்றது. கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே வந்துவிட்டது. சத்தமே இல்லை.

அதற்குத்தான் அதிகம் பயந்தான். இந்தக் கைப்பிடியை டமார் கேட்காமல் மூடியதாக அவனுக்கு நினைவே இல்லை.

"மூடிட்டியா?"

"மூடிட்டேன்னுதான் நெனைக்கிறேன்."

மண்டியிட்டுத் தொட்டியை எட்டிப் பார்த்தான். விளிம்புக்குக் கீழே நீர் அசையாமல் நின்றது.

முதல் மாடியிலிருந்து டீச்சரம்மாவின் குரல் வந்தது. "டமார் தம்பி! தூங்கிட்டியா? தண்ணிய இன்னும் மூடலயா?"

தங்கையோடு சேர்த்தே கட்டிலை இழுத்து வாசலோரம் போட்டான். பழக்கத்தில் கை துணியை எடுத்தது. பிறகு துணியை மடித்து வைத்துவிட்டு, சொட்டுக்குக் கீழே வாளியை நகர்த்தினான்.

"கீழ வாங்க டீச்சரம்மா," என்றான் கடைசியில். "செகரட்டரி சாரையும் கூட்டிட்டு வாங்க. இந்தக் கசிவத் தொடைக்காம வெச்சிருக்கேன்."