சுண்டுவிரல் மரத்த மாதங்கள்

கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது சாக்பீஸ் கையிலிருந்து நழுவியது. எடுத்தேன், மறுபடியும் நழுவியது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வலது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மூன்று வாரமாக மரத்துக் கிடந்ததை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கடலூரில் தனியாக இருக்கிறேன். வீட்டில் சொல்ல ஆள் இல்லை.

விவாகரத்துக்குப் பிறகு, நாற்பத்தொன்றாம் வயதில், கீழ்நோக்கி வளைந்த கைப்பிடி கொண்ட பழைய ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். ஞாயிறுதோறும் சிதம்பரம் போய்த் திரும்புவேன். வாரத்தில் அந்தச் சில மணி நேரம்தான் தனிமை எனக்குப் பிடித்திருந்தது.

அதன் பிரேக் லிவர்கள் பெரிய கைகளுக்கானவை. எனக்கு எட்டவில்லை. லிவருக்கு மேலிருக்கும் ரப்பர் மேட்டில் உள்ளங்கையை ஊன்றி, மணிக்கட்டை மடித்து, விரல்நுனியால் லிவரைத் தொட்டபடியே ஓட்டினேன். வலி பழகிவிடும் என்று நினைத்தேன்.

சாக்பீஸ் நழுவிய அந்த வாரத்து ஞாயிறு, பரங்கிப்பேட்டை பிரிவுக்கு முன்னால், கரும்பு ஏற்றிய டிராக்டர் சட்டென்று நின்றது. லிவரை இழுத்தேன். இழுத்ததாகத்தான் நினைத்தேன், விரல்களில் வலுவில்லை. சாலையோர மண்ணில் விழுந்தேன். டிராக்டர்காரர் இறங்கி ஓடிவந்தார்.

"பிரேக்கு புடிக்கலியா மேடம்?"

"பிரேக் நல்லாத்தான் இருக்கு," என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

சிதம்பரத்தில் நரம்பு மருத்துவர், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு காகிதத்தைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். அவர் இழுத்ததும் அது வந்துவிட்டது. நரம்புக் கடத்தல் சோதனையும் (மெல்லிய மின்சாரம் செலுத்தி நரம்பின் வேகத்தைப் பார்ப்பது) செய்தார்கள். அல்நார் நரம்பு (முழங்கை வழியாகச் சுண்டுவிரலுக்கு வரும் நரம்பு) மணிக்கட்டில் நசுங்கியிருந்தது.

"அழுத்தம் ரொம்ப ஜாஸ்தி. மூணு மாசம் சைக்கிள தொடக்கூடாது. கூட யாரு வந்திருக்காங்க?"

"யாரும் வரல. கை பழையபடி ஆயிடுமா டாக்டர்?"

"ஆகலாம். உறுதியா சொல்ல முடியாது."

மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு வாழ்ந்தேன். ரவிக்கைக் கொக்கி மாட்டக் கால் மணி நேரம் ஆனது. ஒருநாள் ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முடியாமல், வெறும் தயிர்சோற்றின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. உங்கள் கையில் அப்படியொரு குழி தெரிந்தால், என்னைப்போல் காத்திருக்காதீர்கள்.

நான் விழுந்ததைக் கேள்விப்பட்டு நெல்லிக்குப்பத்திலிருந்து தங்கை ஃபோன் செய்தாள். "எங்க ஊட்டுக்கு வந்துடுக்கா. அந்த சைக்கிள வித்துடு."

"கை மட்டுந்தான் சரியில்லடி. எனக்கு ஒண்ணுமில்ல," என்றேன். வைத்த பிறகு வெகுநேரம் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் மாதம் மருத்துவர் அனுமதித்தார். சைக்கிளை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் ரப்பரை ஒதுக்கி, உள்ளே இருந்த ஒரு சிறு திருகைத் திருகினார். லிவர் கைப்பிடியை நெருங்கி வந்தது.

"இத்தன நாளா யாரும் சொல்லலியா டீச்சர்?"

"நான் யாரையும் கேக்கல."

கைப்பிடியையும் உயர்த்திக் கொடுத்தார். மணிக்கட்டு மடியாமலே இப்போது இரண்டு விரல்கள் லிவரில் படிகின்றன.

சதை பாதிதான் திரும்பியிருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையை இடம் மாற்றி, உதறி, மெதுவாகப் போகிறேன். இரண்டு மணி நேர வழிக்கு மூன்று ஆகிறது. போன ஞாயிறு சிதம்பரத்தில் இறங்கி டீ வாங்கினேன். மற்ற விரல்களுக்கு உடனே சுட்டது. சுண்டுவிரலுக்குச் சூடு மெல்லத்தான் வந்தது. வரும்வரை கிளாஸைப் பிடித்தபடி நின்றேன்.