மோர்க்காரனுக்கு ஒரு வெள்ளைக் கோலி

லோவெல் ஹைன்ட்ஸ் குடிக்க மாட்டான். பீர், விஸ்கி, கல்யாணத்தில் ஊற்றுகிற ஷாம்பெயின், எதுவும் கிடையாது. பீருக்குப் பேர்போன விஸ்கான்சினில் பிறந்து வளர்ந்த ஒருவன் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரே வீட்டில் அண்ணன் தம்பிகளாகத் தங்கும் எங்கள் கல்லூரிச் சகோதரச் சங்கத்தில் சேரவேண்டும் என்று அவன் வந்து நின்றதும் ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள். மதமாக இருக்கும் என்றான் ஒருவன். ஈரல் கெட்டிருக்கும் என்றான் இன்னொருவன். நான் நேராகவே கேட்டுவிட்டேன்.

"பிடிக்கல, அண்ணே. அவ்வளவுதான்."

"வீட்ல யாராவது குடிச்சுச் சீரழிஞ்சாங்களா?"

"அய்யோ, அதெல்லாம் இல்ல. எங்கப்பா தினம் ஒரு பீர் குடிப்பாரு, ஜம்முனு இருக்காரு. எனக்கு அந்தக் கசப்பு ஒத்துக்கல. நான் மோர் குடிப்பேன்."

மோர்! அவர்களுக்குப் பால் பண்ணை. சேர வருகிறவன் முதலில் சில வாரம் எங்களோடு பழக வேண்டும். வாராவாரம் அம்மா கொடுத்தனுப்பும் பெரிய கேனை எங்கள் சங்க வீட்டு ஃபிரிட்ஜில், பீர் டப்பாக்களுக்கு நடுவே, கொஞ்சமும் கூச்சமில்லாமல் வைத்துவிடுவான். மற்றபடி தங்கமான பையன். ஆடத் தெரியாமல் ஆடுவான். எவன் கார் பனியில் சிக்கினாலும் முதல் ஆளாகத் தள்ள இறங்குவான்.

"எனக்கு எல்லாமே அக்காங்க. அண்ணன் தம்பின்னு ஒருத்தன்கூட இல்ல. இங்க இடம் கெடச்சாப் போதும், வேற எதுவும் வேணாம்" என்று ஒருநாள் சொன்னான். எனக்கு மனசு இளகிவிட்டது.

ஆனால் அது என் கையில் மட்டுமா இருக்கிறது? எங்கள் வீட்டில் புது ஆளைச் சேர்ப்பது கோலி போட்டுத்தான். ஆளுக்கு ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. ஒன்றைப் பெட்டியின் ஓட்டைக்குள் போட வேண்டும், மற்றது நம் கையிலேயே இருக்கும். பெட்டியில் ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் போதும், வந்தவன் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கறுப்புப் போடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான் கிரேடி.

கிரேடிதான் எங்கள் விருந்துகளுக்கெல்லாம் பொறுப்பு. வாய்ச்சவடால் பேர்வழி.

"டேய், நாம எல்லாரும் போதையில உளறிக்கிட்டு இருப்போம். இவன் மட்டும் தெளிவா உக்காந்து வேடிக்கை பாப்பான். காலைல இவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்."

"நீ உளறுறதை நாங்களும்தானே பாக்கறோம்?"

"நீங்க மறந்துடுவீங்கல்ல!"

கல்லூரித் திருவிழா சனிக்கிழமை வந்தது. மாலையில் ஓட்டு. பகலில் தெருவில், எதிர் வீட்டுச் சங்கத்தோடு பீர் பாங் பந்தயம். நீள மேஜை, இரண்டு பக்கமும் கோப்பைகள். எதிராளியின் கோப்பையில் பந்தைப் போட்டால் அவன் அதைக் குடிக்க வேண்டும். கிரேடியோடு ஜோடி சேர வேண்டியவன் காலையிலேயே மட்டையாகிப் புல்தரையில் கிடந்தான். நேராக நிற்கிற நிலையில் இருந்தது லோவெல் ஒருவன்தான்.

"எல்லாம் என் நேரம்!" என்று கிரேடி தலையில் அடித்துக்கொண்டான். "உன் பக்கத்துக் கோப்பையில என்னத்தடா ஊத்துவ?"

"மோர்தான், அண்ணே."

எதிர் வீட்டுப் பயல்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆட்டம் தொடங்கிய பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. தோற்றவர்கள் ஜெயித்தவர்களின் மிச்சக் கோப்பைகளையும் குடித்துத் தீர்க்க வேண்டும், அதுதான் எங்கள் தெரு வழக்கம். வயிறு நிறைய பீர், அதற்கு மேல் வெயிலில் நின்று புளித்த மோர்! அவர்கள் குறி தப்ப ஆரம்பித்தது. பந்து மேஜைக்கு அடியில் போனது, யாரோ ஒரு பெண்ணின் தொப்பியில் போனது. லோவெல் அவசரமே இல்லாமல் எறிந்தான். கடைசியில் அவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மோர் குடித்த அழகு இருக்கிறதே, அடடா! ஒருவன் வேலியோரம் ஓடினான். கிரேடி லோவெலைத் தோளில் தூக்கிக்கொண்டு, "என் தம்பிடா இவன்!" என்று தெருவையே சுற்றி வந்தான்.

ஜெயித்த சந்தோஷத்தில் எல்லோரும் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டோம். அப்படியே நிலவறையில் கூடி, வழக்கப்படி விளக்கைக் குறைத்து, கோலி போட்டோம். லோவெல் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். தலைவன் நோலன் பெட்டியைத் திறந்தான். வெள்ளைகளுக்கு நடுவே ஒரு கறுப்பு.

எனக்கு வந்த கோபத்தில் கிரேடியின் சட்டையைப் பிடித்துவிட்டேன். "நீயெல்லாம் மனுஷனாடா? மத்தியானம் தோள்ல தூக்குன!"

"சத்தியமா வெள்ளைதான்டா போட்டேன்! இந்தா பாரு, கறுப்பு என் கையிலயே இருக்கு!"

உள்ளங்கையை விரித்தான். அதில் இருந்தது வெள்ளைக் கோலி.

கிரேடி அதையே வெறித்துப் பார்த்தான். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதான்.

"விழுந்தது விழுந்ததுதான். நான் என்ன பண்ண?" என்றான் நோலன்.

விடுவேனா நான்? குடித்துவிட்டுப் போட்ட ஓட்டு செல்லாது என்று எங்களுக்கு ஒரு விதி உண்டு. சங்கத்தில் சேரும்போது எல்லோரும் மனப்பாடமாக ஒப்பித்ததுதான், ஒருத்தனும் மதித்ததில்லை. அதைச் சொன்னேன்.

"அதைப் பாத்தா இந்த வீட்ல ஒருத்தன் ஓட்டும் செல்லாதேடா!" என்ற நோலன், கொஞ்சம் யோசித்தான். "சரி. நாளைக்குச் சாயங்காலம் மறுபடி போடுவோம். அதுவரைக்கும் எவனும் ஒரு சொட்டுத் தொடக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை, டிவியில் ஃபுட்பால், கையில் பீர் இல்லாமலா! ஆளாளுக்கு முனகினார்கள். ஆனால் மாட்டேன் என்று ஒருவனும் சொல்லவில்லை. கிரேடி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். அழுகைச் சத்தம் கேட்டு லோவெல் படிக்கட்டிலிருந்து எழுந்து நின்றிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"உன்னை வேணாம்னு யாரும் சொல்லலடா. நான்தான் கோலியை மாத்திப் போட்டுட்டேன். நாளைக்குச் சரியாப் போடறேன். அதுவரைக்கும் குடிக்க மாட்டேன்."

"உங்களால முடியுமா, அண்ணே?"

"தெரியலடா, பழக்கமில்ல. நீ பக்கத்துலயே உக்காந்துக்கோ."

மறுநாள் முழுக்க லோவெல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பீருக்குப் பதில் எல்லோரும் மோர் குடித்ததில் மதியத்துக்குள் கேன் காலி. மோரில் உப்புப் போட்டால் பரவாயில்லை என்று கண்டுபிடித்தவன் கிரேடிதான், அதில் அவனுக்கு ஏகப்பெருமை. சாயங்காலம், வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது என்று நிலவறை விளக்கையெல்லாம் போடச் சொன்னான். வெள்ளையை எல்லோரும் பார்க்க உயர்த்திக் காட்டிவிட்டுப் பெட்டியில் போட்டான். கையில் மிஞ்சிய கறுப்பைப் பல தடவை பார்த்துக்கொண்டான்.

பெட்டி முழுக்க வெள்ளை. லோவெலை உள்ளே கூப்பிட்டதும் வீடே அதிர்ந்தது. கிரேடி அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"இது உனக்கு ஞாபகம் இருக்கும், இல்ல?"

"காலம் பூரா இருக்கும், அண்ணே."

"இந்தத் தடவை எனக்கும்தான்டா" என்றான் கிரேடி.